கத்தாத ஆம்ப்

எதுவுமே மாறவில்லை. அக்கா, தங்கை இருவரில் பெரியவளுக்கு அதுதான் பிடிபடவில்லை.

அதே ஆம்ப், வயலின் ஓசையைப் பெரிதாக்கிக் கொடுக்கும் பெட்டி. அதே வயலின். வயலினின் விளிம்பைக் கவ்விக்கொண்டு தந்திகளைப் பார்த்து நிற்கும் அதே குட்டி மைக். சத்தத் திருகை எதுவரை திருப்பலாம் என்று அவள் கணவர் சிவப்பு நகப்பூச்சால் வைத்த பொட்டுகூட அழியாமல் இருந்தது. திருகைச் சரியாக அந்தப் பொட்டில் நிறுத்தினாள். ஆம்ப்பைப் பழைய முக்காலியின் மேலேயே வைத்திருந்தாள். அதற்கு முன்னால் அவருடைய தாளப்பெட்டி. அதற்கும் ஓரடி முன்னால், கொஞ்சம் வலப்பக்கமாக, அவள். மொட்டை மாடித் தரையில் முக்காலியின் கால்கள் பதித்த துருக்கறைகள் இருந்தன. மூன்று கால்களையும் அந்தக் கறைகளின் மேலேயே நிறுத்தியிருந்தாள்.

வில்லை இழுத்தாள். இரண்டாவது இழுப்பு முடிவதற்குள் ஆம்ப் ஊளையிட்டது.

ஊசி போல ஆரம்பித்து, காதைத் துளைத்து, நிற்காமல் ஏறிக்கொண்டே போகும் ஊளை. பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் கையிலிருந்த போர்வையைக் கீழே போட்டாள்.

படிக்கட்டு வாசலில் நின்றிருந்த மாமனார் சட்டென்று தன் காதைத் தொட்டுப் பார்த்தார். அவர் காது மெஷின் போட்டிருப்பவர்.

"என் மெஷினாம்மா?"

"இல்ல மாமா. என் மெஷின்."

"அவன் இருந்தப்போ ஒரு நாளும் கத்தலையே."

"அதைத்தான் மாமா நானும் யோசிக்கிறேன்."

இந்த வீட்டுக்குள் இப்போதுதான் வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருவோம். பெரியவளின் கணவர் டவுன் பஸ் டிரைவர். வீட்டிலும் தெருவிலும் அவருக்கு 'டிரைவர்' என்றே பெயர். விடுமுறை நாட்களில் இருவரும் படகுத்துறையில் வாசிப்பார்கள். அவளுக்கு வயலின், அவருக்கு அந்த மரப்பெட்டி. ஆறு பக்கமும் மூடிய பெட்டி அது. முன்பலகை மட்டும் மெல்லியது. அதன் மேலேயே உட்கார்ந்து, கால்களுக்கு நடுவில் கையை விட்டு, அந்தப் பலகையைத் தட்ட வேண்டும். நடுவில் தட்டினால் கும்மென்று அடிக்கும். விளிம்பில் தட்டினால் சடசடக்கும்.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. மழை விடுவதற்கு முன்னால் டிரைவர் போய்விட்டார். அன்று மூடிய வயலின் பெட்டியை இன்று காலைவரை அவள் திறக்கவேயில்லை.

போன வாரம் டிப்போ சூப்பர்வைசர் வீடு தேடி வந்தார். அவர் கேட்டதற்கு அவள் தன்னை அறியாமல் "சரி" என்று சொல்லிவிட்டாள். டிப்போவில் டிரைவர்கள் ஷிஃப்டுக்குக் காத்திருக்கும் மரத்தடியில் அவள் கணவர் நினைவாக ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். நாளை சாயங்காலம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எல்லோரும் அங்கே கூடுவார்கள். பேச்சு எதுவும் கிடையாது. அவளும் கணவருமாகச் சேர்ந்து கட்டிய ஒரே மெட்டு உண்டு. அதை அவள் வாசிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அவள் ஆம்ப்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசரே போன் செய்தார்.

"என்னம்மா அது, பின்னால யாரோ கத்தற மாதிரி?"

"ஆம்ப்ணே. என்னன்னு தெரியல, ஊளை விடுது."

"கரண்ட்ல போடறதா இருந்தா நம்ம ஸ்பீக்கரையே கொடுத்துடுவேன். ஆனா பிளக் பாயிண்ட் பஸ் கழுவற இடத்துல இருக்கு. அங்கருந்து ஒயர் இழுத்தா பஸ் போற பாதையைத் தாண்டணும், அதுக்கு விடமாட்டாங்க. பேட்டரிலதான் வாசிச்சாகணும்." கொஞ்சம் தயங்கினார். "முடியலைன்னா தப்பே இல்லைம்மா. நீங்க ரெண்டு பேரும் துறையில வாசிச்சதைப் பசங்க போன்ல பிடிச்சு வச்சிருக்காங்க. அதைப் போட்டுடலாம். சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

அவள் போனை வைத்துவிட்டு வயலினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பதிவை அவளால் கேட்க முடியாது. அதில் அவர் தாளம் போடுகிறார். நடுவில் சிரிக்கிறார். முடிந்ததும் "இன்னொரு தடவை?" என்று கேட்கிறார். அது அத்தனை பஸ்களுக்கு நடுவில் ஒலிக்க, அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

"அதைப் போட்டாங்கன்னா நான் இனிமே வாசிக்கமாட்டேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். "எனக்கே தெரியுது. அப்புறம் இந்தப் பெட்டியைத் திறக்கவே மாட்டேன்."

---

பழைய ஆம்ப்பை மாடிக்குத் தூக்கி வந்தவர்கள் இரண்டு பேர். ஒரு பக்கம் பெரியவள், மறுபக்கம் அவள் தங்கை. சின்னவள் வேலை பார்ப்பது காது மெஷின் கடையில். வருகிறவர்களின் காதுக்குள் மெழுகு மாதிரி ஒன்றை ஊற்றி அச்சு எடுத்து, அதற்குப் பொருந்தும்படி மெஷின் மாட்டிவிடுவாள். மாமனாருக்கு மாட்டியதும் அவள்தான். அதனால் அவர் அவளை 'டாக்டரம்மா' என்பார். அவள் மறுத்து மறுத்து அலுத்துப் போய்விட்டாள்.

"அக்கா, இது செத்துப் போச்சு" என்றாள் சின்னவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. சொன்ன பிறகுதான் வார்த்தை காதில் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பழசாகிடுச்சுன்னு சொல்ல வந்தேன். புதுசு ஒண்ணு பார்க்கலாம், வா. நான் லீவு போட்டுட்டேன்."

"அவர் வாங்கினதுடி."

"யாரு தூக்கிப் போடச் சொன்னா? இருக்கட்டும். ஆனா நாளைக்கு இதை டிப்போவுக்கு யாரு தூக்குவா?"

இத்தனை வருஷமும் தூக்கியது யார் என்று இருவருக்கும் தெரியும்.

கிளம்பும்போது பெரியவளின் போனில் ஒரு செய்தி வந்தது. கொழுந்தனிடமிருந்து. சின்னவள் எட்டிப் பார்த்துப் படித்தாள்: 'அண்ணி, நாளைக்கு டிப்போவுக்கு வண்டி எடுத்துட்டு வரேன். அண்ணனோட பெட்டியை எனக்குத் தருவீங்களா? நான் அதுல வாசிக்கணும்.'

"என்னக்கா சொல்லப் போற?"

பெரியவள் போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

---

கண்ணாடிக் கடைக்கும் சாவி செய்கிறவரின் கடைக்கும் நடுவில் ஒடுக்கமாக ஒரு வாத்தியக் கடை. கடைக்காரர் வயலின் பெட்டியைப் பார்த்ததும் எழுந்து வந்தார். பேசுவதில் ஆசை உள்ள மனிதர்.

"எங்க வாசிக்கப் போறீங்க? உள்ளயா வெளியவா?"

"வெளிய. பஸ் டிப்போவுல."

"சரி. எத்தனை பேர் வாசிப்பீங்க?"

"ரெண்டு."

சின்னவள் கிடாரின் விலைச்சீட்டைப் படிப்பது போலத் திரும்பிக்கொண்டாள். கடைக்காரர் இரண்டு பேருக்கான பெரிய ஆம்ப்பை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். பெரியவள் அங்கேயே நின்றாள்.

"ஒண்ணு" என்றாள். "ஒருத்திதான்."

அவர் திரும்பி வந்து வேறு அலமாரியைத் திறந்தார்.

பேட்டரி ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் முதலில் சத்தத்தைத்தான் கேட்பார்கள். அதைக் கடைசியாகக் கேட்டால் போதும். முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் வாத்தியத்தோடு அந்த ஆம்ப் ஒத்துப்போகுமா என்பது. பெரியவளின் குட்டி மைக் சும்மா செருகினால் வேலை செய்யாது. அதற்குக் கொஞ்சம் மின்சாரம் ஊட்ட வேண்டும். அதை ஆம்ப்பே ஒயர் வழியாக அனுப்பும். எல்லா ஆம்ப்பிலும் அந்த வசதி கிடையாது. கடைக்காரர் எடுத்து வைத்த நாலில் இரண்டு அங்கேயே கழிந்தன. குட்டி மைக்கைச் செருகினார்கள், வாசித்தாள், அவை வாயே திறக்கவில்லை.

"மைக்குக்குப் பதிலா வயலின்ல தந்தியைத் தாங்கற குதிரைக்கு அடியில ஒட்டற பிக்கப் போட்டுக்கலாமே? எந்த ஆம்ப்புலயும் வேலை செய்யும்" என்றார்.

அவளுக்கு ஒன்றை ஒட்டிக் காட்டினார். அவள் நாலு இழுப்பு இழுத்துவிட்டு வில்லை இறக்கினாள். மைக் காற்றில் வரும் ஓசையைப் பிடிக்கிறது. பிக்கப் மரத்தின் அதிர்வை மட்டும் பிடிக்கிறது. வித்தியாசம் பெரிது.

"பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்துக்கிட்டே பேசற மாதிரி இருக்கு" என்றாள் சின்னவள்.

"உங்க தங்கச்சி சரியான ஆளுங்க" என்று கடைக்காரர் சிரித்தபடி பிக்கப்பைக் கழற்றினார்.

அடுத்தது பேட்டரி. மிச்சமிருந்த இரண்டில் ஒன்றில் பழைய வகை பேட்டரி, காரில் இருக்கும் வகை. சக்தி நிறைய, கனமும் நிறைய. அதற்குச் சக்கரமும் இழுக்கும் கைப்பிடியும் வைத்திருந்தார்கள். இன்னொன்றில் போனில் இருக்கும் வகை பேட்டரி. இட்லிப் பானை அளவுகூட இல்லாத சின்னப் பெட்டி, மேலே ஒரு தோல்பிடி, பின்னால் மடித்து நிறுத்த ஒரு கால்.

"அட்டைல போட்டிருக்கற மணி நேரத்தை நம்பாதீங்க" என்று கடைக்காரரே சொன்னார். "அது மெதுவா வச்சு அளந்தது. டிப்போவுல இன்ஜின் சத்தத்துக்கு மேல வைக்கணும்னா பாதிதான் நிக்கும். ஒரு மெட்டுக்கு அது தாராளம்."

"சக்கரம் வச்சது நல்லா இருக்கே, அக்கா."

"நம்ம மாடிப்படிக்குச் சக்கரம் எதுக்குடி?"

பெரியவள் சின்ன ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குள்ளேயே இருந்த மரப்படியில் ஏறி, மேலே நின்று திரும்பிப் பார்த்தாள். ஒரு கையில் ஆம்ப், இன்னொரு கையில் வயலின் பெட்டி. மூச்சு வாங்கவில்லை. வேறு யாரும் தேவைப்படவில்லை. முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்த தங்கைக்கு அது கிடைக்கவில்லை.

ஓசையைப் பார்க்க ஆம்ப்பை ஸ்டூலின் மேல் வைத்தார்கள். கடைக்காரர் அதன் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு திருகாகத் திருப்ப, அவள் அவருக்கு முன்னால் நின்று வாசித்தாள். சத்தமாக, மெதுவாக, மேல் தந்தியில், கீழ்த் தந்தியில். ஒரு முனகல்கூட இல்லை.

"பார்த்தியா? அந்தப் பழசுதான் கெட்டுப் போச்சு" என்றாள் சின்னவள்.

"பிடிக்கலைன்னா நாளைக்குத் திருப்பிக் கொண்டு வாங்க" என்றார் கடைக்காரர்.

---

வெயில் இறங்கிய மாடி. முக்காலியின் மேல் புது ஆம்ப். அதற்கு முன்னால் தாளப்பெட்டி. அதற்கும் முன்னால் பெரியவள். மாமனார் தண்ணீர்த் தொட்டியின் மேடையில் உட்கார்ந்து, காது மெஷினைச் சரிசெய்துகொண்டு, "ம், ஆரம்பிம்மா" என்றார்.

இரண்டாவது இழுப்பில் புது ஆம்ப் ஊளையிட்டது.

பெரியவள் சிலை மாதிரி நின்றாள். சின்னவள் ஓடிப்போய்த் திருகுகளோடு மல்லுக்கட்டினாள். குறிப்பிட்ட ஒரு சுரத்தை மட்டும் கிள்ளி எடுக்கும் திருகு ஒன்று அதில் இருந்தது. கடைக்காரர் பெருமையாகக் காட்டியிருந்தார். அதைத் திருப்பினால் அந்த ஊளை அடங்கியது, கொஞ்சம் மேலே இன்னொரு ஊளை கிளம்பியது. ஒரு ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொரு ஓட்டை. சத்தத்தைக் குறைத்தால் ஊளை நின்றது. ஆனால் தொட்டி மேடையில் இருந்தவருக்கே கேட்கவில்லை, டிப்போவில் எங்கே கேட்பது?

"விடுடி."

"இரு அக்கா, இன்னும் ஒரு தடவை..."

"விடுன்னு சொல்றேன்ல. ஆம்ப்புல ஒண்ணும் இல்ல. பழசும் கத்துது, புதுசும் கத்துது. அப்போ கோளாறு யாருகிட்ட?" அவள் குரல் உடைந்தது. "என் கைதான். நடுங்குது. அவர் இல்லாம வாசிக்காதேன்னு அதுவே சொல்லுது. சொல்லிட்டுப் போகட்டும். போனை எடு. அந்தப் பதிவையே போட்டுக்கச் சொல்றேன்."

காலையிலிருந்து தூக்கியது, அலைந்தது, அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, எல்லாமாகச் சேர்ந்து சின்னவளை அழுத்தியது. பக்கத்தில் இருந்ததன் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். முதுகு பின்னால் சாய்ந்து ஆம்ப்பில் பட்டது.

உட்கார்ந்தது தாளப்பெட்டியின் மேல்.

"எழுந்திரு."

அப்படி ஒரு குரலை அக்காவிடம் அவள் கேட்டதேயில்லை.

"அக்கா, நான் தெரியாம..."

"அதுல யாரும் உட்கார்றதில்ல. எழுந்திருன்னா எழுந்திரு!"

சின்னவள் துள்ளி எழுந்தாள். அவள் எழுந்ததும் ஆம்ப் ஊளையிட்டது. யாரும் வாசிக்கவில்லை. வயலின் பெரியவளின் தோளில் சும்மா இருந்தது. அவள் போட்ட கூச்சலே மைக்குக்குள் போய் ஊளையைக் கிளப்பிவிட்டது.

தொட்டி மேடையில் மாமனார் கையை உயர்த்தினார்.

"டாக்டரம்மா. மறுபடி உட்காரு."

"மாமா!" என்றாள் பெரியவள்.

"ஒரு நிமிஷம்மா. அவ உட்காரட்டும். திட்டணும்னா அப்புறம் என்னைத் திட்டு."

சின்னவள் அக்காவைப் பார்த்தபடியே மெதுவாக உட்கார்ந்தாள். முதுகு ஆம்ப்பைத் தொட்டது. ஊளை நின்றது.

எழுந்தாள். ஊய்ங்.

உட்கார்ந்தாள். அமைதி. கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடிப்பதுகூடக் கேட்டது.

சின்னவள் இரண்டு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ! நான் என்ன வேலை பார்க்கறேன்? தினம் இதைத்தானே பார்க்கறேன்!"

"என்னடி சொல்ற?"

"காது மெஷின் ஏன்க்கா விசில் அடிக்குது? காதுக்குள்ள போக வேண்டிய சத்தம், அச்சு இறுக்கமா இல்லாட்டி வெளிய கசியும். வெளிய மைக் இருக்கு. அது அந்தச் சத்தத்தைப் பிடிச்சுப் பெருசாக்கி மறுபடி உள்ள அனுப்பும். அது மறுபடி கசியும், மறுபடி பெருசாகும். சுத்திச் சுத்தி ஊளையாகிடும். எல்லாரும் மெஷின் கெட்டுப் போச்சுன்னுதான் வருவாங்க. மெஷின்ல ஒண்ணுமே இருக்காது. நடுவுல அடைப்பு இருக்காது, அவ்வளவுதான்." அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "இங்க அடைப்பு அத்தான்."

பெரியவள் தாளப்பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

"அவர் எப்பவும் ஆம்ப் மேலதானே சாய்ஞ்சு உட்காருவார்? அதுலேர்ந்து வர சத்தம் முதல்ல அவர் முதுகுல மோதும். உன் மைக்குக்கு நேரா வராது. திருகுல பொட்டு வச்சாரே, அவர் முதுகு மறைச்சுக்கிட்டு இருந்தப்போ வச்ச பொட்டு அது. இன்னைக்குக் கடையிலயும் அந்த ஆள் ஆம்ப் முன்னால உட்கார்ந்துக்கிட்டுத் திருகினார். அதான் அங்க கத்தல."

எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன என்று காலையில் பெரியவள் நினைத்தாள். திருகு, முக்காலி, பெட்டி, எல்லாவற்றையும் சரிபார்த்தாள். பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தவரை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் தாளம் போடுகிறவர் என்றுதான் நினைத்திருந்தாள்.

"முதுகு வலின்னு சொல்வார்" என்றாள், தனக்குத்தானே சொல்வது போல. "நாள் பூரா ஸ்டியரிங் பிடிச்ச முதுகு. ஆம்ப் அதிர்ற அதிர்வு இதமா இருக்குன்னு சாய்ஞ்சுக்குவார். இது ஆம்ப்பா ஒத்தடமான்னு நான் கேலி பண்ணுவேன்." வில்லைத் தாழ்த்தினாள். "நான் முன்னால பார்த்துக்கிட்டே வாசிச்சேன்டி. அத்தனை வருஷமும். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கல, பின்னால என்ன நடக்குதுன்னு."

வயலினை இறக்கி, மாடிச் சுவரோரம் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். காய்ச்சலுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் அழுதது வேறு. அன்று சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், கையெழுத்துப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்று கையெழுத்துக் கேட்க யாரும் இல்லை. மாமனார் மெஷினைக் காதிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு அவன் மகன்.

அழுது ஓய்ந்த பிறகு சின்னவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நான் உட்காரறேன் அக்கா. தட்டெல்லாம் மாட்டேன், எனக்குத் தெரியாது. சும்மா சாய்ஞ்சு உட்கார்ந்துக்கறேன். நீ வாசி."

பெரியவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. நீ உட்கார்ந்தா எனக்குப் பின்னால யாரோ இருக்காங்கன்னு தெரியும். அவர்னு நினைச்சுக்கிட்டே வாசிப்பேன். முடிஞ்சு திரும்பினா நீ இருப்பே." மூக்கை உறிஞ்சினாள். "அதை என்னால தாங்க முடியாது. உன்கிட்ட கோபமும் வரும்."

"அப்போ என்னதான் பண்றது?"

பெரியவள் எழுந்து முக்காலியின் அருகில் போய் நின்றாள். ஆம்ப்பையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது ஏன்டி பின்னால இருக்கு?"

"எப்பவும் அங்கதானே வைப்பீங்க."

"அதான் ஏன்? அவருக்கு என் வயலின் கேட்கணும்னு பின்னால வச்சோம். கேட்டாத்தான் தாளம் போட முடியும். எனக்கும் கேட்கும். ரெண்டு பேருக்கும் கேட்கட்டும்னு வச்ச இடம் இது." தொட்டி மேடையைப் பார்த்தாள். "இப்போ யாருக்குக் கேட்கணும்?"

மாமனார் மெஷினை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார்.

பெரியவள் தோல்பிடியைப் பற்றி ஆம்ப்பை ஒரு கையால் தூக்கினாள். காலையில் இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்த அந்தப் பழையதை இப்படி நகர்த்திப் பார்க்க அவளுக்குத் தோன்றியே இருக்காது. பெட்டியைத் தாண்டினாள். தான் நிற்கும் இடத்தையும் தாண்டினாள். இரண்டு எட்டு தள்ளித் தரையில் வைத்து, பின்னால் மடித்திருந்த காலை நிமிர்த்தி, ஆம்ப்பின் முகம் தொட்டி மேடையைப் பார்த்துச் சற்றே மேல்நோக்கிச் சாயும்படி நிறுத்தினாள். அதன் முதுகு இப்போது அவள் பக்கம் இருந்தது. கிள்ளும் திருகைப் பழைய நிலைக்குக் கொண்டு வந்தாள். சத்தத்தைக் கடையில் வைத்த அளவுக்கு ஏற்றினாள்.

"மாமா, அங்கயே இருங்க. நீயும் போடி."

வில் தந்தியில் பட்டது. ஒரு இழுப்பு. இரண்டாவது. மூன்றாவது.

ஊளை வரவில்லை.

மெட்டின் முதல் பாதி மேலே ஏறியது. தொட்டி மேடையில் இருந்த இருவருக்கும் அது முழுசாக, பக்கத்தில் நின்று வாசிப்பது போலக் கேட்டது. பக்கத்து மாடிப் பெண் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள்.

பெரியவளுக்கு மட்டும் அது அப்படிக் கேட்கவில்லை. ஆம்ப் அவளுக்கு முதுகு காட்டி நின்றது. அவளுக்குக் கேட்டதெல்லாம் தாடைக்கு அடியில் இருந்த மரத்தின் ஓசை மட்டும். சின்னது, வறண்டது. இத்தனை வருஷம் முதுகுப் பக்கத்திலிருந்து வந்து அவளைச் சூழ்ந்துகொண்ட ஓசை இனி வராது. தாளம் விழ வேண்டிய இடங்களில் வில்லைக் கொஞ்சம் நிறுத்திக் காத்திருந்தாள். எதுவும் விழவில்லை. அடுத்த சுரத்துக்குப் போனாள். அழுதுகொண்டேதான் வாசித்தாள், ஆனால் கை நடுங்கவில்லை. கடைசிவரை வாசித்தாள்.

"கேட்டுதா மாமா?"

"கேட்டுது." அவர் காது மெஷினைத் தொட்டுக் காட்டினார்.

"அக்கா, அந்தப் பெட்டி..." என்று ஆரம்பித்த சின்னவள் நிறுத்திக்கொண்டாள். கொழுந்தனின் செய்தி கைப்பைக்குள் இன்னும் பதில் இல்லாமல் கிடந்தது. பெரியவள் கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். அந்தச் செய்தியைத் தள்ளிவிட்டு சூப்பர்வைசரின் எண்ணை அழுத்தினாள்.

"அண்ணே, பதிவு போட வேணாம். நான் வாசிக்கிறேன்."

"சரிம்மா. ரொம்ப நல்லது. உட்கார நாற்காலி எத்தனை போடட்டும்? ஒண்ணா, ரெண்டா?"

"வேணாம்ணே. நின்னுக்கிட்டுதான் வாசிப்பேன். எனக்கு எதிர்ல பெஞ்சு இருக்கட்டும், எல்லாரும் அந்தப் பக்கம் நில்லுங்க."

"காலையில கத்திச்சே, அது?"

"ஆம்ப்பை எனக்கு முன்னால ரெண்டு எட்டு தள்ளித் தரையில வச்சு, உங்களைப் பார்த்துத் திருப்பிடுவேன். மைக் அதோட முதுகுப் பக்கம் இருக்கும். அப்போ கத்தாதுண்ணே."